நெல் கொள்முதல் நிலையத்தின் கணக்கைச் சட்டமன்றத்தில் கேட்க வைப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

குறுவை நெல் சாலையோரம் கொட்டிக் கிடக்கிறது. சாக்கு இல்லை, லாரி வரவில்லை, நெல்லுக்குப் பில் போடும் ஒரே பட்டியல் எழுத்தர் இரண்டு நிலையங்களைப் பார்க்கிறார். காவிரி டெல்டாவில் இப்படி ஒரு வாரம் வந்தால் மறியல் நடக்கும், அதிகாரிகள் வருவார்கள், நாலு லாரி வரும், பிரச்சனை ஆறிவிடும். அடுத்த பருவத்தில் அதே நிலையத்தில் அதே கதை. சாக்குக்கும் லாரிக்கும் ஆளுக்கும் எவ்வளவு பணம் என்பது அறுவடைக்குப் பல மாதம் முன்பே சென்னையிலும் டெல்லியிலும் முடிவாகிவிடுவதுதான் காரணம். அந்த முடிவைக் கேள்வி கேட்கும் அதிகாரம் சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் இருக்கிறது. கேட்க வைப்பது நம் வேலை.

விவசாயிகள் சங்கப் பொறுப்பாளர்கள், எம்.எல்.ஏ. அலுவலகத்தில் மனு வாங்கிக் குறிப்பெடுப்பவர்கள், உள்ளூர் நிருபர்கள் ஆகியோருக்காக எழுதியது இது. கொள்முதல் நிலையங்களை நடத்தும் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தை (இனி கழகம்) எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறோம். ஆறு குளம் பற்றிக் கேட்க வேண்டுமானால் நீர்வளத் துறைக்கும் இதே முறைதான், ஒரே ஒரு வித்தியாசம் உண்டு. அது குழுக்கள் பற்றிய பகுதியில் வருகிறது.

பணம் யார் கணக்கில் இருக்கிறது?

இதைத் தெரிந்துகொள்ளாமல் எழுதும் மனு எல்லாம் "இது எங்கள் துறை சார்ந்ததல்ல" என்ற ஒற்றை வரியோடு திரும்பி வரும். கொள்முதல் நிலையத்துக்குள் மூன்று கணக்குகள் ஓடுகின்றன.

ஒன்று, மத்திய அரசு. குறைந்தபட்ச ஆதரவு விலையையும், ஈரப்பதம் 17 சதவீதம் என்ற வரம்பையும் வைப்பது அதுதான். இரண்டு, மாநில உணவுத் துறை. ஆதரவு விலைக்கு மேல் தரும் ஊக்கத்தொகையும், ரேஷன் அரிசிக்கான மாநில மானியமும் இங்கிருந்து போகின்றன. மூன்று, கழகத்தின் சொந்தக் கணக்கு. கழகம் 1972-ல் தொடங்கிய அரசு நிறுவனம். கம்பெனிச் சட்டப்படி தனிக் கணக்கு வைத்து, தனி ஆண்டறிக்கை போடுகிறது. சாக்கு, லாரி வாடகை, சுமைதூக்கும் கூலி, வங்கிக் கடனுக்கான வட்டி எல்லாம் அதில்தான்.

2025-26 பருவத்தில் சன்ன ரக நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 2,545 ரூபாய். அதில் 2,389 ரூபாய் மத்திய அரசின் ஆதரவு விலை, 156 ரூபாய் மாநிலத்தின் ஊக்கத்தொகை. பொது ரகத்துக்கு 2,369 ரூபாயுடன் 131 சேர்ந்து 2,500. ஆக, ஊக்கத்தொகை போதவில்லை என்றால் கேள்வி சென்னைக்கு. 17 சதவீதத்தை 22 ஆக்கித் தரக் கேட்டு எழுதிய கடிதம் என்னவாயிற்று என்றால் டெல்லிக்கு. லாரி ஏன் வரவில்லை என்றால் கழகத்துக்கு, அதாவது கழகத்தை விசாரிக்கும் சட்டமன்றக் குழுவுக்கு.

இந்த மூன்று கணக்குகளும் ஒரு இடத்தில் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. 2002 அக்டோபர் முதல் தமிழ்நாட்டில் பரவலாக்கப்பட்ட கொள்முதல் முறை நடக்கிறது. கழகமே நெல்லை வாங்கி, அரைத்து, ரேஷனுக்கான அரிசியை வைத்துக்கொள்ளும். மத்திய அரசு அதற்கான மானியத்தைக் காலாண்டுக்கு ஒரு முறை முன்பணமாகத் தந்துவிட்டு, தணிக்கை முடிந்த கணக்கு வந்த பிறகுதான் மீதியைத் தீர்க்கும். கணக்கு முடிக்கத் தாமதமானால் மீதியும் தாமதமாகும். அதுவரை கழகம் வட்டிக்குக் கடன் வாங்கித்தான் ஓட்ட வேண்டும். கொள்முதல் நிலையத்தில் சாக்குத் தட்டுப்பாடு என்று நாம் பார்ப்பதற்குப் பின்னால் சில நேரம் இந்த வட்டிச் சுமையும் இருக்கும்.

எடுத்து வைக்க வேண்டிய நான்கு ஏடுகள்

*மானியக் கோரிக்கை எண் 13.* உணவு மற்றும் நுகர்வோர் பாதுகாப்புக்கான மானியக் கோரிக்கை இது, அதாவது துறையின் ஆண்டுச் செலவுக்குப் பேரவையிடம் ஒப்புதல் கேட்கும் ஏடு. நிதித்துறையின் இணையதளத்தில் தமிழிலேயே கிடைக்கும். 2021 முதல் வேளாண்மைக்குத் தனி நிதிநிலை அறிக்கை வாசிக்கப்படுவதால் பலர் கொள்முதல் பணத்தை அதில் தேடி ஏமாறுகிறார்கள். உரையில் கொள்முதல் பற்றிப் பேச்சு வரலாம். பேரவை வாக்களித்து ஒதுக்கும் உணவு மானியம் 13-ல்தான் இருக்கிறது. உள்ளே 2408, 3456 என்று நான்கு இலக்கத் தலைப்புகள் வரும். 2408 உணவும் சேமிப்பும், 3456 பொது வழங்கல், 4408 கிடங்கு போன்ற மூலதனச் செலவு.

ஒவ்வொரு வரிக்கும் நான்கு தொகைகள் இருக்கும். 2025-26 புத்தகம் என்றால் 2023-24-ன் உண்மைக் கணக்கு, 2024-25-ன் முதல் மதிப்பீடு, 2024-25-ன் திருத்திய மதிப்பீடு, 2025-26-ன் மதிப்பீடு. கடைசித் தொகையைப் போன ஆண்டு மதிப்பீட்டோடு ஒப்பிட்டு "ஒதுக்கீடு உயர்ந்தது" என்று எழுதுவது செய்தித்தாள் பழக்கம். நீங்கள் பார்க்க வேண்டியது முதல் மதிப்பீட்டுக்கும் திருத்திய மதிப்பீட்டுக்கும் உள்ள இடைவெளி. கிடங்கு கட்டும் 4408-ல் மதிப்பீடு பெரிதாகவும், திருத்தியது சிறிதாகவும், உண்மைக் கணக்கு இன்னும் சிறிதாகவும் இருந்தால், அறிவித்த கிடங்கு கட்டப்படவில்லை என்று பொருள். மானிய வரியில் இதற்கு நேர்மாறாகத் திருத்தியது பெரிதாக இருந்தால், ஆண்டு நடுவில் கூடுதல் பணம் கேட்டுத் துணை மதிப்பீடு கொண்டுவந்திருப்பார்கள். அதற்குச் சொன்ன காரணம் துணை மதிப்பீட்டுப் புத்தகத்தில் ஒரு பத்தியாக இருக்கும். படிக்கத் தவறாதீர்கள்.

*கொள்கை விளக்கக் குறிப்பு.* மானியக் கோரிக்கை விவாதத்துக்காகத் துறை வெளியிடும் புத்தகம். கொள்முதல் அளவு, நிலையங்களின் எண்ணிக்கை, கிடங்குக் கொள்ளளவு எல்லாம் இதில் கிடைக்கும். சாதனைப் புத்தகம் என்பதால் குறைகள் இருக்காது. ஆனாலும் மூன்று ஆண்டுக் குறிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். போன ஆண்டு இருந்த ஓர் அட்டவணை இந்த ஆண்டு காணாமல் போயிருந்தால் அங்கேதான் உங்கள் கேள்வி இருக்கிறது.

*கழகத்தின் ஆண்டறிக்கை.* நான்கில் இதுதான் முக்கியம், இதைத்தான் யாரும் படிப்பதில்லை. கழகத்தின் தணிக்கையாளரை நியமிப்பது சி.ஏ.ஜி., அதாவது இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர். தணிக்கை முடிந்த பிறகு 60 நாளுக்குள் சி.ஏ.ஜி. தன் கருத்தையும் சேர்க்கலாம். மார்ச் 31-ல் முடியும் கணக்குக்கு செப்டம்பர் 30-க்குள் பொதுக்கூட்டம், அதிலிருந்து மூன்று மாதத்துக்குள் ஆண்டறிக்கை, பிறகு அதைச் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். கம்பெனிச் சட்டம் 2013-ன் 395-ம் பிரிவு மாநில அரசுக்கு இட்டிருக்கும் கடமை அது. கையில் கிடைத்ததும் முதல் பக்கம் முதல் படிக்க வேண்டாம். தணிக்கையாளரின் அறிக்கைக்குப் போய், "உட்பட்டு", "உறுதிசெய்ய இயலவில்லை" என்று வரும் பத்திகளைக் குறியுங்கள். அடுத்து இருப்புநிலைக் குறிப்பில் அரசுகளிடமிருந்து வரவேண்டிய மானியம். அடுத்து லாப நட்டக் கணக்கில் நிதிச் செலவு, பணியாளர் செலவு, சேமிப்பு இழப்பு. இந்த நான்கு எண்களை மூன்று ஆண்டுக்கு எழுதினால் அரைப் பக்கம் வரும். கழகத்தின் உடல்நிலை அதில் தெரிந்துவிடும்.

*சி.ஏ.ஜி. அறிக்கைகள்.* துறையின் செலவுக்கு நிதி ஒதுக்கக் கணக்குகள், நிறுவனங்களுக்குத் தனி அறிக்கை. கூட்டத்தொடரின் கடைசி நாட்களில் வைக்கப்படுவது பல முறை நடப்பதால் பேரவையில் விவாதமே இல்லாமல் போய்விடும். ஆனால் வைக்கப்பட்ட அன்றே குழுவின் கைக்குப் போய்விடுகிறது.

எண்களை ஒப்பிடும்போது கால் இடறும் இடங்கள்

நிதியாண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை. கொள்முதல் பருவம் அக்டோபர் முதல் செப்டம்பர் வரை. போதாக்குறைக்கு 2022-லிருந்து குறுவைக்காக செப்டம்பர் 1-லேயே பருவத்தைத் தொடங்க மத்திய அரசு அனுமதித்தது. எனவே ஒரே பருவத்தின் குறுவையும் சம்பாவும் ஒரு நிதியாண்டிலும், கோடையில் வந்த நெல் அடுத்த நிதியாண்டிலும் விழும். ஆண்டறிக்கையின் ரூபாயைக் கொள்கைக் குறிப்பின் டன் எண்ணிக்கையால் வகுத்து "ஒரு டன்னுக்கு இவ்வளவு செலவு" என்று எழுதினால், அதிகாரி அந்த ஒரு தவறைக் காட்டியே மொத்த மனுவையும் ஓரம் தள்ளிவிடுவார்.

மாவட்டக் கணக்கில் இன்னொரு குழி. மயிலாடுதுறை 2020 டிசம்பரில் தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. அதற்கு முந்தைய நாகப்பட்டினம் எண்ணில் மயிலாடுதுறையும் சீர்காழியும் சேர்ந்திருக்கும். "நாகையில் கொள்முதல் பாதியாகச் சரிந்தது" என்று பதறுவதற்கு முன் இரண்டையும் கூட்டிப் பாருங்கள்.

அளவையும் மாற்றிக்கொள்ளுங்கள். நிலையத்தின் மூட்டை 40 கிலோ. 25 மூட்டை ஒரு டன், ஒரு லட்சம் டன் என்றால் 25 லட்சம் மூட்டை. வீட்டில் கட்டும் மூட்டைக் கணக்கை இதோடு கலக்கக் கூடாது. அரவைக்குப் போன 100 கிலோ நெல்லுக்குப் புழுங்கல் அரிசி 68 கிலோ, பச்சரிசி 67 கிலோ திரும்ப வர வேண்டும். ஆலைக்குப் போன நெல்லையும் திரும்பிய அரிசியையும் வைத்து நிலுவையைக் கணக்கிட இந்த இரண்டு எண்கள் போதும்.

ஆட்கள் கணக்கு

ஒரு நிலையத்தில் பட்டியல் எழுத்தர், உதவுபவர், காவலர், அதற்கு மேல் சுமைதூக்குவோர். இவர்களில் பெரும்பாலானோர் பருவகாலப் பணியாளர்கள். மானியக் கோரிக்கையோடு வரும் பணியாளர் விவரத்தில் இவர்களைத் தேடினால் கிடைக்க மாட்டார்கள். அங்கே இருப்பது துறையின் அரசு ஊழியர்கள் மட்டும். கழகத்தின் ஆட்கள் கழகத்தின் கணக்கில், அதிலும் பருவகாலக் கூலியைப் பணியாளர் செலவில் காட்டினார்களா, கொள்முதல் செலவில் காட்டினார்களா என்பதைக் கணக்குக் குறிப்புகளில்தான் பார்க்க வேண்டும். "பணியாளர் செலவு குறைந்தது" என்ற வரியைச் சிக்கனம் என்று நம்பிவிட வேண்டாம்.

கேட்க வேண்டியது ஐந்து எண்கள்: அனுமதிக்கப்பட்ட பணியிடம், நிரந்தரமாக நிரம்பியது, காலி, பருவகாலப் பணியாளர், ஒப்பந்த முறையில் வந்தவர். ஐந்தையும் மண்டலவாரியாக, ஒரே தேதிக்கு. நவம்பர் 1 அல்லது பிப்ரவரி 1 என்று கொள்முதல் உச்சத்தில் இருக்கும் ஒரு நாளைச் சொல்லுங்கள். தேதி சொல்லாவிட்டால் மே மாத எண்ணைத் தருவார்கள், அது பொய்யும் இல்லை, பயனும் இல்லை. பெயர்ப் பட்டியல் கேட்காதீர்கள். தனிநபர் தகவல் என்று மொத்தத்தையும் மறுக்க வழி கொடுத்ததாகிவிடும்.

மூட்டைக்கு இவ்வளவு என்று பணம் கேட்கிறார்கள் என்ற புகார் ஒவ்வொரு குறைதீர்க் கூட்டத்திலும் எழுகிறது. அதை ஒழுக்கக் கேள்வியாக எழுப்பினால் "நடவடிக்கை எடுக்கப்படும்" என்பதோடு முடியும். கூலிக் கேள்வியாக எழுப்புங்கள்: சுமைதூக்குவோருக்கு மூட்டைக்கு அனுமதித்த கூலி எவ்வளவு, கடைசியாக உயர்த்தியது எந்த ஆணைப்படி, இந்தப் பருவத்தில் எந்தெந்தத் தேதியில் வழங்கப்பட்டது. கூலி மாதக்கணக்கில் நிலுவை என்று பதில் வந்தால், வசூலின் வேர் எங்கே என்று உறுப்பினருக்கே விளங்கும்.

தகவல் உரிமை மனு: நவம்பரில் போடுங்கள்

நிதிநிலை அறிக்கை வழக்கமாக மார்ச்சை ஒட்டி வருகிறது. 2025-ல் மார்ச் 14 அன்று வாசித்து, மானியக் கோரிக்கை விவாதம் ஏப்ரல் இறுதிவரை ஓடியது. மனுவுக்குப் பதில் வர 30 நாள், பதில் சரியில்லை என்றால் முதல் மேல்முறையீட்டுக்கு இன்னும் 30 முதல் 45 நாள். பின்னோக்கி எண்ணினால் நவம்பர், தவறினால் டிசம்பர் முதல் வாரம். தேர்தல் ஆண்டில் இடைக்கால நிதிநிலை அறிக்கை முன்பே வந்து, முழு விவாதம் புதிய பேரவையில்தான் நடக்கும். தேதிகளை அதற்கேற்ப நகர்த்திக்கொள்ளுங்கள்.

மனுவைக் கழகத்தின் மண்டல அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், மாநில அரசின் இணையவழியிலும் போடலாம். "ஏன் லாரி அனுப்பவில்லை?" என்று எழுதினால் பதில் வராது. காரணமும் கருத்தும் இந்தச் சட்டத்தில் தகவல் ஆகாது, பதிவேட்டில் இருப்பதுதான் தகவல். அதனால் இப்படி எழுதுங்கள்:

"2024 செப்டம்பர் 1 முதல் 2025 ஆகஸ்ட் 31 வரை மன்னார்குடி வட்டத்தில் இயங்கிய ஒவ்வொரு நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கும் திறந்த தேதி, மூடிய தேதி, நாள்வாரியாகக் கொள்முதல் செய்த மூட்டைகள், நாள்வாரியாக இயக்கம் செய்த மூட்டைகள், நாள்வாரியாக இருந்த வெற்றுச் சாக்குகள் ஆகியவற்றைக் காட்டும் பதிவேட்டுப் பக்கங்களின் நகல்."

இயக்கம் என்பது நிலையத்திலிருந்து லாரியில் வெளியே அனுப்புவது. கொள்முதலில் இருந்து அதைக் கழித்தால் நிலையத்தில் தேங்கிய மூட்டை. நாளைக்கு 1,000 மூட்டை வாங்கி 600 மட்டும் வெளியே போனால் பத்து நாளில் 4,000 மூட்டை, அதாவது 160 டன், படுதாவை நம்பி வெட்டவெளியில். மழை பெய்த தேதியைப் பக்கத்தில் எழுதுங்கள். வெற்றுச் சாக்கு பூஜ்யமாக இருந்த நாட்களை வட்டமிடுங்கள். தேக்கம் முதலில் வந்ததா, சாக்குத் தட்டுப்பாடு முதலில் வந்ததா என்று அட்டவணையே சொல்லும். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. தேக்கம் முதலில் என்றால் லாரி ஒப்பந்தமும் கிடங்கும் பேச வேண்டியவை. சாக்கு முதலில் என்றால் வாங்கிய தேதியும் பணம் வந்த தேதியும்.

ஒரு வட்டம், ஒரு பருவம் போதும். நான்கு மாவட்டத்துக்குப் பத்து ஆண்டுத் தகவல் கேட்டால், தொகுக்க வளங்கள் போதாது, நேரில் வந்து பாருங்கள் என்று எழுதிவிடுவார்கள். தவறான அலுவலகத்துக்குப் போன மனுவை ஐந்து நாளுக்குள் சரியான இடத்துக்கு மாற்றி அனுப்புவது அவர்கள் கடமை. திருப்பிக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

இன்னொரு மனுவும் தனியாகப் போடலாம்: மண்டலத்தில் நிலுவையில் உள்ள தணிக்கைத் தடைகளின் (தணிக்கையாளர் எழுப்பிய ஆட்சேபங்களின்) பட்டியல், ஆண்டு, தொகையுடன். அச்சிட்ட சி.ஏ.ஜி. அறிக்கைக்கு வருவது பெரிய பத்திகள் மட்டுமே. சிறியவை எல்லாம் அலுவலகக் கோப்புகளிலேயே ஆண்டுக்கணக்கில் கிடக்கும்.

உறுப்பினர் கையில் எதை, எப்போது கொடுப்பது

கொள்கைக் குறிப்பு பெரும்பாலும் விவாத நாளன்றுதான் உறுப்பினர் மேசைக்கு வரும். பேசக் கிடைப்பது சில நிமிடங்கள். அந்த நிமிடங்களுக்குள் 40 பக்க மனுவை யாரும் புரட்ட மாட்டார்கள். விவாதத்துக்கு ஒரு வாரம் முன்னால் அரைப் பக்கம் கொடுங்கள்: ஒரு எண், அதன் ஆதாரம், ஒரு கேள்வி. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி இரு பக்கமும் ஒவ்வொருவரிடம் கொடுப்பது நல்லது. எதிர்க்கட்சி உறுப்பினர் பேரவையில் அழுத்திக் கேட்பார், ஆளுங்கட்சி உறுப்பினர் அமைச்சர் அறையில் கேட்பார். இரண்டாவதில்தான் பல நேரம் காரியம் நடக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

வெட்டுத் தீர்மானம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். மானியத்தில் 100 ரூபாயைக் குறைக்கக் கோரும் அடையாள வெட்டு பணத்துக்காகக் கொடுப்பதில்லை. குறிப்பிட்ட குறை ஒன்றைப் பதிவில் ஏற்றும் வழி அது. கடைசியில் திரும்பப் பெறுவார்கள் அல்லது தோற்கும். உங்கள் ஊர் நிலையத்தின் பெயர் அதில் இருந்தால் துறை ஒரு குறிப்புத் தயாரித்தே ஆக வேண்டும்.

வினாக்களில் நம் பழக்கம் "இன்ன ஊரில் கொள்முதல் நிலையம் அமைக்க அரசு முன்வருமா?" என்று கேட்பது. "அத்தகைய கருத்துரு ஏதும் அரசின் பரிசீலனையில் இல்லை" என்று பதில் வரும், அதோடு சரி. அதையே இப்படிக் கேட்கலாம்: "திருவாரூர் மண்டலத்தில் 2024-25 பருவத்தில் ஏழு நாளுக்கு மேல் இயக்கம் நடைபெறாத கொள்முதல் நிலையங்கள் எத்தனை? அவற்றில் மழையால் நனைந்த நெல் எத்தனை டன்? அந்த இழப்பு யார் கணக்கில் எழுதப்பட்டது?" மூன்றுக்கும் எண்ணில்தான் பதில் சொல்ல முடியும். அட்டவணை வேண்டும் என்றால் நட்சத்திரக் குறியில்லாத வினாவாகக் கொடுக்கச் சொல்லுங்கள், எழுத்தில் வரும். நட்சத்திரக் குறியிட்டது அமைச்சரை வாய்திறக்க வைப்பதற்கு. துணைக் கேள்விகளை முன்பே எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

"ஆவன செய்யப்படும்", "பரிசீலிக்கப்படும்" என்று அமைச்சர் சொன்னால் ஏமாற்றம் வேண்டாம். அது உறுதிமொழி. தேதி, நடவடிக்கைக் குறிப்பின் பக்கத்தோடு எழுதி வையுங்கள். அதைத் துரத்தவென்றே பேரவையில் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது.

எந்தக் குழு?

அடிக்கடி தவறு நடப்பது இங்கே. துறை தன் மானியத்தைச் செலவழித்ததை விசாரிப்பது பொதுக் கணக்குக் குழு. கழகத்தின் கணக்கை விசாரிப்பது பொது நிறுவனங்கள் குழு. லாரி ஒப்பந்தம் பற்றிப் பொதுக் கணக்குக் குழுவுக்கு எழுதுவது வீண். நீர்வளத் துறையின் தூர்வாரும் பணி என்றால் நேர் எதிர்: அது துறை, கம்பெனி அல்ல, எனவே மானியக் கோரிக்கை எண் 40-ம் பொதுக் கணக்குக் குழுவும். முன்பு சொன்ன வித்தியாசம் இதுதான்.

ஆண்டறிக்கை உரிய காலத்தில் பேரவைக்கு வராவிட்டால் பேரவை முன் வைக்கப்பட்ட ஏடுகள் குழுவுக்கு ஒரே வரியில் எழுதலாம்: இன்ன ஆண்டு அறிக்கை எந்தத் தேதியில் வைக்கப்பட்டது, தாமதத்துக்கு என்ன காரணம். சின்னக் கேள்விதான். ஆனால் கணக்குத் தாமதமானால் மானியம் தாமதம், மானியம் தாமதமானால் வட்டி என்ற சங்கிலியின் முதல் கண்ணி அது.

சட்டமன்றக் குழுக்கள் மாவட்டங்களுக்கு ஆய்வுக்கு வரும். மனுக்கள் குழு வருமுன் மாவட்ட நிர்வாகம் வழியாக அறிவிப்பு வெளியாகும். பொதுப் பிரச்சனையாக, நீண்ட நாள் தீராததாக இருக்க வேண்டும். ஒரு மனுவில் ஒரு பிரச்சனை, ஒரு துறை. நீதிமன்றத்தில் உள்ளது, வேலை கேட்பது, பணி மாறுதல், தனிப்பட்ட பட்டா விவகாரம் எடுபடாது. வழக்கமாகத் தமிழில் ஐந்து நகல் கேட்பார்கள். "நெல் கொள்முதலில் முறைகேடு" என்று தலைப்பிட்டு ஏழு குறைகளை அடுக்கினால் ஏழும் போகும். "வலங்கைமான் வட்டத்தில் திறந்தவெளியில் நெல் சேமிப்பதால் ஏற்படும் இழப்பு" என்று ஒன்றை எழுதி, பதிவேட்டு நகலை இணைத்தால் குழு அந்த இடத்துக்கே வண்டியைத் திருப்பச் சொல்ல வாய்ப்புண்டு.

குழு உங்களைச் சாட்சியாக அழைத்தால் ஓர் எச்சரிக்கை. அங்கே பேசியதை அறிக்கை பேரவையில் வைக்கப்படும் வரை வெளியே சொல்லக் கூடாது, உரிமை மீறல் ஆகும். ஆர்வத்தில் படத்தோடு வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள்.

டெல்லிக்கு அனுப்ப வேண்டியவை

இந்திய உணவுக் கழகத்தின் முதல் மாவட்ட அலுவலகமே 1965 ஜனவரியில் தஞ்சாவூரில்தான் தொடங்கியது. அதனால் டெல்டாவுக்கும் மத்திய உணவு அமைச்சகத்துக்கும் பழைய உறவு. நாடாளுமன்றத்தில் 1993 முதல் துறைவாரி நிலைக்குழுக்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் 31 பேர், மக்களவையில் இருந்து 21, மாநிலங்களவையில் இருந்து 10. நுகர்வோர் விவகாரம், உணவு, பொது விநியோகத்துக்கான நிலைக்குழு அந்த அமைச்சகத்தின் மானியக் கோரிக்கையை வரி வரியாகப் பார்க்கும். அவையில் பல அமைச்சகங்களின் கோரிக்கைகள் கடைசி நாளில் விவாதமின்றி ஒன்றாக வாக்கெடுப்புக்குப் போய்விடுவதால், உண்மையான அலசல் நடப்பது இங்கேதான். அன்றாட நிர்வாகத்தில் அது தலையிடாது. உங்கள் ஊர் லாரியை அங்கே பேசாதீர்கள்.

எம்.பி.யிடம் கொடுக்க இரண்டு கேள்விகள் போதும். முதலாவது: தமிழ்நாட்டுக்குத் தர வேண்டிய உணவு மானிய நிலுவை ஆண்டுவாரியாக எவ்வளவு, எந்தெந்த ஆண்டுக்குத் தணிக்கை செய்த கணக்கு இன்னும் பெறப்படவில்லை? மத்திய அரசு பணம் தரவில்லை என்று சென்னையும், கணக்கு வரவில்லை என்று டெல்லியும் சொல்லிக்கொண்டிருக்கும் வழக்கு இந்த ஒரு பதிலில் வெளிச்சத்துக்கு வரும். இரண்டாவது: ஈரப்பதத் தளர்வு கேட்டு மாநிலம் எழுதிய தேதி, மத்தியக் குழு மாதிரி எடுத்த தேதி, முடிவு அறிவித்த தேதி. குறுவையும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாக வரும் அக்டோபரில், 2025-ல் நடந்தது போல, இந்தத் தேதிகளுக்கு நடுவில்தான் நெல் முளைக்கிறது.

மக்களவையில் வினாவுக்குக் குறைந்தது 15 முழு நாள் முன்னறிவிப்பு வேண்டும். ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்டவை 20, இல்லாதவை 230 என்று குலுக்கலில் தேர்வாகும். ஒரே கேள்வியை தஞ்சாவூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மூன்று உறுப்பினர்களும் கொடுத்தால் வாய்ப்பு கூடும்.

பதில் வந்த பிறகு

அமைச்சர் பதிலுரையின் முடிவில் புதிய அறிவிப்புகளை வாசிப்பார். பேரவை விதி 110-ன் கீழ் வரும் அறிவிப்புக்கு விவாதமே கிடையாது. எப்படி வந்தாலும் அறிவிப்பு என்பது பணமல்ல. அரசாணை எண், நிர்வாக ஒப்புதல், ஒப்பந்தப்புள்ளி, வேலை உத்தரவு என்ற நான்கையும் ஒரு நோட்டில் பத்தியாகக் கோடு போட்டு நிரப்பிக்கொண்டே வாருங்கள். ஆறு மாதத்தில் அரசாணை எண்ணே வரவில்லை என்றால், அடுத்த கூட்டத்தொடருக்கான வினா தயார்.

ஒப்பந்தப்புள்ளியில் ஒரே ஒரு சோதனை செய்யுங்கள். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-ன் விதிகளின்படி, 2 கோடி ரூபாய் வரையான ஒப்பந்தத்துக்குக் குறைந்தது 15 நாளும், அதற்கு மேல் 30 நாளும் விண்ணப்பிக்க அவகாசம் தர வேண்டும். குறைத்திருந்தால் உயர் அதிகாரி எழுத்தில் காரணம் பதிந்திருக்க வேண்டும். அந்தக் குறிப்பின் நகலைத் தகவல் உரிமையில் கேளுங்கள். லாரி, சாக்கு ஒப்பந்தங்கள் அறுவடை நெருங்கும்போது அவசரமாக விடப்பட்டால் அது இந்தத் தேதிகளில் தெரிந்துவிடும்.

காரைக்கால் வாசகர்களுக்கு: டெல்டா ஒன்றுதான், பேரவை வேறு. உங்கள் மானியக் கோரிக்கை எண்ணும் குழுக்களும் புதுச்சேரி சட்டப்பேரவையைச் சேர்ந்தவை. மேலே சொன்ன 13, 40 என்ற எண்களும் மாநிலத் தகவல் உரிமை இணையதளமும் உங்களுக்குப் பொருந்தாது. நாடாளுமன்றப் பகுதி அப்படியே பொருந்தும்.